குரங்குப் பெடல் ஏக்கமும் கார்பன் மோகமும்

தமிழில் சைக்கிளைப் பற்றி எழுதப்படுபவற்றை இரண்டே குவியல்களாகப் பிரித்துவிடலாம். முதலாவது ஏக்கம். வாடகை சைக்கிள், குரங்குப் பெடல், முழங்கால் சிராய்ப்பு, அப்பாவின் கறுப்பு வண்டி, டைனமோ விளக்கின் நடுங்கும் வெளிச்சம் என்று போய், கடைசிப் பத்தியில் அப்பா காலமாகியிருப்பார், வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். சிற்றிதழ்கள் தொடங்கி வலைப்பதிவுகள் வரை இந்தக் கட்டுரையை நாம் நூறு முறையேனும் வாசித்திருக்கிறோம், எழுதியும் இருக்கிறோம். இரண்டாவது குவியல் விளம்பரம். கார்பன் சட்டகம், எட்டுக் கிலோவுக்கும் குறைந்த எடை, பந்தய வீரர்கள் ஓட்டும் அதே மாதிரி, உங்கள் எல்லைகளை உடைத்தெறியுங்கள் என்ற வகை. இது ஆங்கிலத்திலிருந்து நேரே பெயர்க்கப்பட்ட தமிழில் வரும். பெரும்பாலும் எழுவாய்க்கும் பயனிலைக்கும் உறவிருக்காது.

இந்த இரண்டுக்கும் இடையில், நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஒரு நாளில் நூறோ இருநூறோ கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுநாள் அலுவலகத்துக்கும் போக வேண்டும் என்று நினைத்தால் அவர் எந்த வண்டியை வாங்க வேண்டும் என்ற எளிய கேள்விக்கு நம் மொழியில் ஒழுங்கான பதில் கிடையாது. இலக்கியத்துக்கென்று நடத்தப்படும் தளத்தில் இதென்ன பேச்சு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லலாம். தோல்ஸ்தோய் 1895இல், தன் 67ஆம் வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்த வயதில் அவர் பால்யத்தை நினைத்து ஏங்கிக் கட்டுரை எழுதவில்லை, வண்டியில் ஏறி உட்கார்ந்தார். (மிதிவண்டி என்றுதான் எழுத வேண்டும் என்பவர்களுக்கு: பஞ்சர் கடைக்காரருக்குப் புரிகிற சொல்லையே நான் எழுதப்போகிறேன்.)

ஏக்கக்காரர்களை முதலில் முடித்துவிடலாம். அவர்கள் கொண்டாடும் அந்தக் கறுப்பு வண்டி உண்மையில் நல்ல வண்டிதான், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு. நாற்பது மில்லிமீட்டருக்கு நெருங்கிய அகல டயர், நீண்ட சட்டகம், சரிந்த முன்கவை, அகன்ற தோல் இருக்கை. இரண்டு பால் கேன்களோ ஒரு மூட்டை நெல்லோ ஏற்றிக்கொண்டு மண்சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் போவதற்கு அதைவிடப் பொருத்தமானதை யாரும் செய்யவில்லை. ஆனால் இருபது கிலோவுக்குக் குறையாத எடை, கம்பி பிரேக், ஒரே ஒரு கியர். முன்சக்கரப் பல் 44, பின்னால் 18 என்பது பொதுவான கணக்கு. ஒரு மிதிக்கு வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். சமதளத்தில் இது சரி. மலையில் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம். இந்த வண்டிகளைச் செய்த பெரிய ஆலைகளில் ஒன்றான அட்லஸ், 2020 ஜூன் 3 அன்று, அதாவது உலக சைக்கிள் தினத்தன்றே, சாகிபாபாத்தில் எஞ்சியிருந்த தன் கடைசி ஆலையின் உற்பத்தியை நிறுத்தியது. அன்று இணையத்தில் கண்ணீர் வடித்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் ஒரு சைக்கிளாவது வாங்கியிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏக்கத்துக்கும் பயன்பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் புதுக்கோட்டையைப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக அந்த மாவட்டத்தின் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்களுக்கான வண்டிகள் போதிய அளவு கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டிகளையே அவர்கள் வாங்கினார்கள் என்றும், சிலர் அதையே விரும்பினார்கள், ஏனென்றால் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். சைக்கிளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி நம் மாநிலத்தில் நடந்த ஆகச் சிறந்த சிந்தனை இதுதான் என்பது என் எண்ணம். எந்த வண்டி அழகு, எது மரபு, எது நவீனம் என்றெல்லாம் அவர்கள் கேட்கவில்லை. நான் எதைச் சுமக்கப்போகிறேன், எங்கே போகப்போகிறேன் என்று கேட்டார்கள்.

அதே கேள்வியைக் கள்ளக்குறிச்சியிலிருந்து கேட்போம்.

2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டத் தலைநகராகிவிட்ட இந்த ஊர், நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவருக்கு அமைந்த ஒரு பரிசோதனைக் கூடம். தெற்கே சேலம்–உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை. பழைய எண் 68, இன்றைய எண் 79. வடமேற்கே கச்சிராயபாளையம், சர்க்கரை ஆலை, கோமுகி அணை, அங்கிருந்து கல்வராயன் மலையேற்றம், வெள்ளிமலை, கரியாலூர். மலைமேலேயே சேலம் மாவட்ட எல்லையைக் கடந்து கருமந்துறை, அரசுத் தோட்டக்கலைப் பண்ணை, பிறகு பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் இறங்கி, நெடுஞ்சாலையைப் பிடித்து ஆத்தூர், சின்னசேலம் வழியாகத் திரும்பினால் நூறு கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு முழுச் சுற்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் துண்டு பெரும்பாலும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி உயரம்தான். ஊட்டியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் அடிவாரம் தாழ்ந்த சமவெளி என்பதால் அந்த உயரம் முழுவதையும் நம் கால்களே ஈட்டியாக வேண்டும்.

இந்த ஒரே சுற்றில் நான்கு வகைச் சாலைகள் வந்துவிடும். நெடுஞ்சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள ஓரத்தில் கண்ணாடிச் சில்லுகளும், வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த மயிரிழைக் கம்பிகளும் கிடக்கும். (பஞ்சர் என்றால் ஆணி என்று நினைப்பவர்கள் நெடுஞ்சாலையில் ஓட்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்பிதான் எமன்.) இந்தச் சாலை நான்குவழியாக அமைக்கப்பட்டபோது ஊர்களைச் சுற்றிப்போகும் புறவழிச்சாலைகள் பல இருவழியாகவே விடப்பட்டன, விபத்துகளுக்குப் பெயர்வாங்கிய பிறகே அவற்றை அகலப்படுத்தும் வேலை வந்தது. அடுத்தது கிராமச் சாலை: அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் மக்காச்சோளம் காயும், ஆலை ஓடும் மாதங்களில் கரும்பு டிராக்டர்கள் தாரைப் பிதுக்கி அலை அலையாக்கியிருக்கும், ஓரத்தில் சீமைக்கருவேல முள். மூன்றாவது மலைச்சாலை. நான்காவது, மலைமேல் சிற்றூர்களுக்குப் பிரியும் வழிகள்; அவற்றைச் சாலை என்பதா, வண்டித்தடம் என்பதா என்பது ஒப்பந்ததாரரின் மனசாட்சியைப் பொறுத்தது.

இப்போது, கடைக்காரர்களும் காணொளிக்காரர்களும் நீண்ட காலம் வலியுறுத்திவந்த வண்டியை இந்தச் சுற்றில் இறக்கிப் பாருங்கள். 23 மில்லிமீட்டர் டயர், அதில் 110 அல்லது 120 பி.எஸ்.ஐ. காற்று, இருக்கையைவிட ஒரு சாண் தாழ்ந்த கைப்பிடி, 39க்கு 25 கியர். நகரத்துக் குழுக்களின் புகைப்படங்களில் இவை அழகாக இருக்கும். டயரில் காற்று கல்லாக இருந்தால்தான் வேகம் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. எஃகு உருளையின்மேல் வைத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் அது உண்மையும்கூட. ஆனால் ஆய்வுக்கூட உருளையின்மேல் மனிதர் உட்கார்ந்திருப்பதில்லை. கரடுமுரடான தாரில் ஒவ்வொரு சிறு கல்லும் கல்போன்ற டயரைத் தூக்கிப்போடும்போது, முன்னோக்கிப் போயிருக்க வேண்டிய ஆற்றல் மேல்நோக்கிப் போய், நம் தொடையிலும் முதுகிலும் அடிவயிற்றுச் சதையிலும் குலுங்கி வெப்பமாகக் கரைகிறது. இருக்கையில் வலிக்கும் அந்த அதிர்வு வேறொன்றுமில்லை, நீங்கள் மிதித்துச் சம்பாதித்த வேகம்தான். சற்றே அகன்ற, மெல்லிய சுவருள்ள டயரில் காற்றைக் குறைத்துவிட்டால் கல் டயருக்குள் அமிழ்கிறது. வண்டி எழும்பாமல் போகிறது.

அமெரிக்காவில் 'பைசிக்கிள் குவாட்டர்லி' நடத்தும் யான் ஹைனா இதை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே சாலையில் சோதித்து எழுதினார். அப்போது கேலி செய்தார்கள். அவரே அகல டயர் விற்பவர் என்பதால் அவரைச் சந்தேகிக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் டூர் டி பிரான்ஸ் அணிகளுக்கு அவரிடம் டயர் வாங்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அவை 23இலிருந்து 25க்கும், பிறகு 28க்கும் 30க்கும் வந்துசேர்ந்தது பிருஷ்டத்தின்மேல் கொண்ட கருணையால் அல்ல, நொடிக்கணக்கு பார்த்துத்தான். வழவழப்பான பிரெஞ்சுத் தாரிலேயே 30 என்றால் கச்சிராயபாளையம் சாலைக்கு எத்தனை? என் பதில்: 32க்குக் குறையவே கூடாது, 35 அல்லது 38 நுழைய இடமிருக்கும் சட்டகமாகப் பார்த்து வாங்க வேண்டும். எழுபது எழுபத்தைந்து கிலோ ஆளுக்கு 32இல் 60 பி.எஸ்.ஐ. போதும், 38இல் நாற்பதைச் சற்று தாண்டினால் போதும். வேறு எந்தச் செலவும் இந்தளவு சுகத்தையும் வேகத்தையும் ஒருசேரத் தராது. கார்பன் சட்டகம் அதிர்வை விழுங்கும் என்ற பேச்சைக் கேட்டால், அரை அங்குலக் காற்று செய்வதை அரை மில்லிமீட்டர் வளையும் சட்டகம் எப்படிச் செய்யும் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஃபிளான் ஓ'பிரையனின் 'தி தேர்ட் போலீஸ்மேன்' நாவலில் (அவர் இறந்தபின் 1967இல் வெளிவந்தது) ஒரு போலீஸ்காரர், கரடுமுரடான சாலையில் நெடுங்காலம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் அவர்களுடைய வண்டிகளுக்கும் இடையில் அணுக்கள் இடம் மாறிக்கொள்கின்றன, அதனால் ஊரில் பலர் பாதி சைக்கிளாகிவிட்டார்கள் என்று ஒரு கோட்பாடு வைத்திருப்பார். அவர் கணக்குப்படி, 120 பி.எஸ்.ஐ.யில் வெள்ளிமலைக்குப் போகும் நண்பர்கள் இறங்குவதற்குள் சுவரில் சாய்ந்து நிற்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது உட்காரும் விதம். இங்கே எதிர்த்தரப்பு இரண்டு. நிமிர்ந்து உட்கார்வதே சுகம் என்பது ஒன்று, குனிந்தால்தான் வேகம் என்பது மற்றொன்று. இரண்டுமே அரை உண்மை. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில், காற்றில்லாத நாளில், நேரான கைப்பிடியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் காற்றைக் கிழிக்க மட்டும் நூறு வாட்டுக்குச் சற்று மேல் செலவிடுகிறார். வளைந்த கைப்பிடியில் முழங்கை மடக்கிச் சாய்ந்தவருக்கு எழுபதைச் சற்று தாண்டினால் போதும். நாள் முழுக்க நூற்றிருபது வாட் கொடுப்பதே சாதாரண மனிதருக்குப் பெரிய காரியம் என்னும்போது இந்த முப்பது வாட் கொஞ்சமல்ல. ஆடி மாதத்தில் சின்னசேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கி, மேல்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டியவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கைப்பிடி எட்டாத தாழ்வில் இருந்தால் இரண்டாவது மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும், உள்ளங்கை மரத்துப்போகும், நாம் நிமிர்ந்துவிடுவோம்; பிறகு அந்த வளைந்த கைப்பிடி வெறும் அலங்காரம். ஆறு மணி நேரம் தாங்க முடிகிற சாய்வுதான் வேகமான சாய்வு.

ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் வளைந்த கைப்பிடியின் பெருமை வேகத்தில் இல்லை, கை வைக்க அது தரும் இடங்களில் இருக்கிறது. மேலே, ஓரத்தில், பிரேக் மூடியின்மேல், கீழ்வளைவில் என்று கை மாற்றிக்கொண்டே போகலாம். நேர்க்கைப்பிடியில் ஒரே இடம்தான். சட்டகத்தின் அளவுப் பட்டியலில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும்: மிதிக்கட்டையின் அச்சிலிருந்து கழுத்துக்குழாயின் உச்சிவரை உள்ள உயரமும் தூரமும். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 1.45க்குக் கீழே வந்தால் அது பந்தயத்துக்கானது, 1.5ஐத் தாண்டினால் நெடும்பயணத்துக்கானது. சட்டகத்தின் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் விவாதிப்பவர்கள் இந்த ஒற்றை வகுத்தலைச் செய்வதில்லை. இருக்கையைப் பற்றி ஒரே வரி: மெத்தென்று அமுங்குவது முதல் பத்து கிலோமீட்டருக்கு மட்டுமே சுகம், இடுப்பின் உட்காரும் எலும்புகள் இரண்டும் முழுதாகப் பொருந்தும் அகலமே நூறாவது கிலோமீட்டரில் காப்பாற்றும்.

ஊர்க் கடைகளில் கல்லூரிப் பையன்களுக்கு 'கியர் சைக்கிள்' என்ற பெயரில் விற்கப்படும் அந்த முரட்டு டயர், ஸ்பிரிங் முன்கவை வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலைக்குப் போவதால் மலை சைக்கிள் என்ற பெயரளவு தர்க்கம்தான் இதற்கு ஆதாரம். மலிவு ஸ்பிரிங் எடையைக் கூட்டுகிறது, எழுந்து மிதித்தால் உழைப்பைத் தின்கிறது, ஓராண்டில் துருப்பிடித்து நின்றுவிடுகிறது. முண்டு முண்டான டயர் தாரில் கிறீச்சிட்டுக்கொண்டே போகும். கட்டைவண்டிக்கு விமானச் சக்கரம் மாட்டிய கதை.

இனி கியர். என் கோபத்தின் பெரும்பகுதி இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். ஆள், வண்டி, தண்ணீர், கருவிகள் எல்லாம் சேர்த்து 85 கிலோ. ஏற்றம் எட்டு சதவீதம் என்று கொள்வோம். கொண்டையூசி வளைவின் உள்பக்கம் அதைவிடச் செங்குத்தாகவே இருக்கும். 150 வாட் கொடுத்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 125 மீட்டர். இதற்கு நிமிடத்துக்கு எத்தனை முறை மிதிக்க வேண்டும்? பழைய பந்தயக் கியரான 39க்கு 25இல் 38 மிதி. 34க்கு 28இல் 49. 34க்கு 34இல் அறுபது. 30க்கு 34இல் 68. ஏக்கக்காரர்களின் கறுப்பு வண்டியில் இருபத்துமூன்றுகூட வராது. இறங்கித் தள்ள வேண்டியதுதான், எல்லோரும் தள்ளத்தான் செய்தார்கள். வேகம் எல்லா வண்டியிலும் ஒன்றேதான், உழைப்பும் ஒன்றேதான். 38 மிதியில் ஒவ்வொரு மிதியும் முழங்காலின்மேல் ஏறி நிற்கும். 68இல் அதே வேலை மூச்சுக்கு மாறிவிடும். முழங்கால் தேயும், மூச்சு அடுத்த நிமிடமே திரும்பக் கிடைக்கும்.

ஆனால் சிறிய கியர் என்றால் நம்மவர்களுக்கு வெட்கம். 'பாட்டி கியர்' என்று கேலி வேறு. இந்த வெட்கத்துக்கு நூறாண்டுக்கு மேலான வரலாறு உண்டு. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சுக்குக் கியர் மாற்றும் கருவியே பிடிக்காது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் அது என்பது அவர் கட்சி. அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937இல்தான், அந்தப் பந்தயத்தில் வீரர்கள் கியர் மாற்றும் கருவியைப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டார்கள். அவருக்கு எதிர்முனையில் நின்றவர் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய போல் த விவி. சேன்ட்-எத்தியேன் ஊர்க்காரர், 'லெ சிக்லிஸ்ட்' என்ற சிற்றிதழின் ஆசிரியர். மலையேற்றத்தில் திணறிக்கொண்டிருந்த அவரை, புகைக்குழாயை வாயில் வைத்தபடி சாவகாசமாக மிதித்துவந்த ஒருவர் முந்திச் சென்றதாகவும், முந்தியவர் அவர் பத்திரிகையின் வாசகர் என்றும் ஒரு கதை உண்டு. சிற்றிதழ் ஆசிரியரை வாசகர் முந்துவது அன்றைக்கு அபூர்வமாக இருந்திருக்க வேண்டும். அதன்பிறகு அவர் வாழ்நாள் முழுவதையும் கியர்களுக்குக் கொடுத்தார். 1902இல் பிரெஞ்சு சுற்றுலாக் கழகம் மலைப்பாதையில் நடத்திய ஒரு சோதனையில், பந்தய வீரர் எத்மோன் ஜாக்லேன் ஒற்றைக் கியர் வண்டியிலும், மார்த் எஸ் என்ற பெண் மூன்று கியர் வண்டியிலும் போனார்கள். அந்தப் பெண் எங்கும் காலை ஊன்றாமல் ஏறி முன்னால் போய்விட்டார். தெக்ராஞ்ச் மனம் மாறவில்லை.

விளையாட்டு நிர்வாகங்கள் எப்போதும் இப்படித்தான். 1933இல் பிரான்சிஸ் ஃபோர், சார்ல் மோஷே செய்த சாய்ந்து படுத்து ஓட்டும் வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டரைத் தாண்டி உலக சாதனையை முறியடித்தார். மறு ஆண்டு சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு செய்த காரியம், சைக்கிள் என்ற சொல்லுக்கே வரையறை எழுதி அந்த வண்டியை வெளியே தள்ளியது. வேகமும் சுகமும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்ததும் அது சைக்கிளே அல்ல என்றாகிவிட்டது. அந்த வரையறைக்குள் அடைபட்ட பந்தய வண்டியின் சாயலைத்தான் வெலோசியோவின் வாரிசுகளான நமக்கு இன்று தலையில் கட்டுகிறார்கள்.

எடையைப் பற்றிக் கேட்பீர்கள். மேற்சொன்ன 85 கிலோவில் ஒரு கிலோவைக் குறைத்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது ஏறத்தாழ நாற்பது விநாடி. சமதளத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த ஒரு கிலோவுக்காகக் கூடுதலாகக் கேட்கப்படும் தொகையில் நல்ல டயர் இரண்டு ஜோடியும், மட்கார்டும், முன்சக்கர டைனமோ விளக்கும் வாங்கிவிடலாம். மட்கார்டு என்றதும் முகம் சுளிக்கிறார்கள், ஏதோ பட்டு வேட்டிமேல் ரெயின்கோட் மாட்டச் சொன்னதுபோல. ஐப்பசியில் கரும்பு வண்டிகள் போன சேற்றில் ஓட்டிப் பாருங்கள்.

பந்தயம் அல்லாத நெடும்பயணத்துக்கு உலகில் ஏற்கெனவே ஒரு நெறி இருக்கிறது. பிரெவே என்பார்கள். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. முதலாவதாக வந்தவர், கடைசியாக வந்தவர் என்ற பேதமில்லை. நேரத்துக்குள் வந்தால் சரி. 1891இல் பந்தயமாகத் தொடங்கி, இப்போது நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸின் 1200 கிலோமீட்டருக்கு 90 மணி நேரம். இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் இந்தப் பயணங்கள் நடக்கின்றன. 200 கிலோமீட்டருக்குத் தேவையான சராசரி மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நிற்கும் நேரமும் சேர்த்து. ஆக, தோற்பது வேகம் போதாததால் அல்ல. கழுத்து வலியாலும், மரத்துப்போன விரலாலும், மூன்றாவது பஞ்சராலும், தேய்ந்த தொடையாலும்தான். டீக்கடையில் கூடுதலாக உட்காரும் பதினைந்து நிமிடத்தை எந்தக் கார்பனும் மீட்டுத்தராது.

பழுது என்று வந்தபின் ஊரை நம்பியாக வேண்டும். வெளிநாட்டு வண்டிகளின் ஒல்லி வால்வுக்குக் காற்றடிக்கக் கச்சிராயபாளையத்துப் பஞ்சர் கடைப் பம்பு பொருந்தாது. சட்டைப்பையில் போடுமளவு சிறிய ஒரு பித்தளை இணைப்பு இருந்தால் பொருந்தும். டியூப் இல்லாத டயரை நகரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் ஒட்டுப்போடத் தெரிந்த கை கிடைக்கும், அந்தப் பால்போன்ற பசை கிடைக்காது. எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக்கைவிடக் கம்பியில் இயங்குவதே போதும், கம்பியை எந்தக் கடையிலும் இழுத்துக் கட்டலாம். 32 அல்லது 36 ஸ்போக்ஸ் உள்ள சக்கரமாக இருந்தால் கோட்டம் எடுக்க ஊர் மிஸ்திரி போதும். இருபது ஸ்போக்ஸ் என்றால் அவரே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

மலையைச் சொல்லிவிட்டு மலையில் இருப்பவர்களைச் சொல்லாமல் போவது நம் பயணக் கட்டுரைகளின் வழக்கம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானபின், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அடிப்படை வசதிகள் பற்றிய அந்த விசாரணையில் சாலையும் பேருந்தும் வந்தன. நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பரவசமாக இருக்கும் அதே ஏற்றம் அங்கே பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போகும் வழி.

தமிழ்நாடு அரசு 2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005–06இல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர் அனைவருக்கும் அதை விரித்தது. இந்தியாவின் மிகச் சிறந்த நலத்திட்டங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் தஞ்சாவூர் வயல்வெளிக்கும் வெள்ளிமலைச் சரிவுக்கும் ஒரே வண்டி, ஒரே கியர். ஏற்றத்தில் அந்தப் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், இறக்கத்தில் பிரேக்கை நம்ப வேண்டும். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் 1900களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. சக்கரத்தின் நடுவே மூடிய டப்பாவாக இருக்கும், வெளியே தொங்கும் உறுப்பு கிடையாது, சேறு போகாது, பராமரிப்பு அநேகமாக எண்ணெய் மட்டும். அதன் கீழ்க்கியர் மிதியின் பளுவைக் கால்பங்கு குறைக்கும். பின்பல்லையும் 18இலிருந்து 22ஆக்கினால் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறையும். எட்டு சதவீத மலையேற்றத்தை அது வெல்லாதுதான். நான்கு சதவீதச் சரிவுகளில் பதினாறு வயதுப் பெண்ணை இறங்கவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மலை ஒன்றியங்களுக்கு மட்டும் தனி விவரக்குறிப்போடு ஒரு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு என்ன தடை? செலவு என்பார்கள். கல்வராயன் மலை, ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை ஒன்றியங்களில் ஆண்டுதோறும் பதினோராம் வகுப்பு சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கல்வித்துறையிடம் கேட்டு, மூன்று கியர் ஹப்பின் விலையால் பெருக்கி, வருகிற தொகையை ஒரே ஒரு கோடை விழாப் பந்தலின் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கியர் என்றால் பணக்காரப் பையன்களின் விளையாட்டுச் சாமான் என்று கோப்பில் எழுதும் அதிகாரி, வேண்டுமானால் திட்டத்தின் ஒற்றைக் கியர் வண்டியில் கோமுகி அணையிலிருந்து வெள்ளிமலைவரை ஒருமுறை போய்விட்டு வந்து எழுதலாம்.